கால் செருப்பு, கை ஸ்பிளின்ட்: எந்த வெல்க்ரோவைத் தைப்பது?

கடையில் போய் "நல்ல ஸ்ட்ராங்கான வெல்க்ரோ கொடுங்க" என்று கேட்டால், அகலம் கேட்பார்கள், நிறம் கேட்பார்கள், ஒரு சுருளை எடுத்து வைத்துவிடுவார்கள். எதற்கு என்று கேட்பவர் அபூர்வம். நீரிழிவில் கால் மரத்துப்போனவருக்குச் செருப்பு, பக்கவாதம் வந்தவருக்குக் கையை ஒரே நிலையில் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட், குழந்தையின் கணுக்காலைத் தாங்கும் பிரேஸ் என்று பட்டை வைத்துத் தைக்கும் வேலையில் இருக்கிறவன் நான். அந்த 'எதற்கு' முடிவாகாமல் வெல்க்ரோ வாங்கவே கூடாது என்பேன். ஒரே சுருளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளில் ஒன்று நெடுநாள் பிடித்து நிற்கும், இன்னொன்று சீக்கிரமே வாய் பிளந்துவிடும். இரண்டும் ஒரே சரக்குதான். பாரம் எந்தத் திசையில் வந்தது என்பதுதான் வேறு.

வெல்க்ரோவின் ஒரு முகத்தில் சொரசொரப்பான கொக்கிகள், மறுமுகத்தில் அவை மாட்டிக்கொள்ளும் மெத்தென்ற நூல் கண்ணிகள். இவற்றைப் பிரிக்க மூன்று வழி உண்டு. ஓரத்தைப் பிடித்து உரிக்கலாம். ஒட்டிய தளத்துக்கு இணையாக இழுத்துச் சறுக்க வைக்கலாம். இரண்டு முகங்களையும் நேராகப் பிடுங்கலாம். உரிக்கும்போது, மடிப்பு விழுகிற அந்த ஒரு வரிசைக் கொக்கிகள் மட்டும்தான் எதிர்த்து நிற்கின்றன. அவை விட்டதும் அடுத்த வரிசை, பிறகு அதற்கடுத்தது. சறுக்க வைக்கும்போது அப்படியில்லை. ஒட்டியிருக்கிற பரப்பில் உள்ள கொக்கிகள் அத்தனையும் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. சாதாரண நைலான் பட்டையில் 1 அங்குல அகலத்தை உரித்தெடுக்க அரைக் கிலோவுக்கு முன்பின்னான விசை போதும். அதே பட்டையில் 1 சதுர அங்குலத்தைச் சறுக்க வைக்க அதைப்போலப் பல மடங்கு தேவைப்படும். ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு இவற்றை ஒரே எண்ணில் அடக்காமல் இரண்டு தனிச் சோதனைகளாக வைத்திருப்பதும் இதனால்தான்: சறுக்கலுக்கு டி 5169, உரிப்புக்கு டி 5170.

ஆகவே உரிப்பைத் தாங்க வேண்டுமானால் அகலம் வேண்டும். பட்டையை எவ்வளவு நீட்டினாலும் உரிப்புக்கு எதிரான பிடி அதிகரிக்காது. சறுக்கலைத் தாங்கப் பரப்பு வேண்டும். அகலம் கூட்ட இடமில்லையென்றால் நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். குழந்தையின் செருப்பு அடிக்கடி பிரிந்துகொள்கிறது என்று இன்னும் கெட்டியான வெல்க்ரோவைத் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் பட்டை நடக்கும்போது உரிபடுகிறதா என்பதை. உரிபடுகிறதென்றால் வெல்க்ரோவை மாற்றிப் பயனில்லை, பட்டை போகும் வழியை மாற்ற வேண்டும்.

நேரே ஒட்டுவதா, வளையத்தில் திருப்புவதா

பட்டையின் ஒரு முனை இன்னொரு முனையின் மேல் படிந்து ஒட்டுவது முதல் வகை. இரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை இந்த வகைதான். கையையோ காலையோ சுற்றி வருவதால் இழுப்பு முழுக்கச் சறுக்கல் திசையில் விழுகிறது. பட்டை இறுக இறுக, ஒட்டிய இடம் உள்பக்கமாக அமுங்கிப் பிடி கூடவும் செய்கிறது. மேடு இல்லாமல் தட்டையாக இருக்கும், சட்டைக்குள்ளும் மறையும். குறை இரண்டு. இழுப்பு முழுவதையும் அந்த ஒட்டே தாங்க வேண்டும். அப்புறம், ஒரு முனையைப் பிடித்து இறுக்கிக்கொண்டே மறுமுனையை ஒட்ட வேண்டியிருப்பதால் ஒற்றைக் கையால் போடுவது கஷ்டம்.

இரண்டாவது வகையில் பட்டையை டி வளையத்துக்குள் (ஆங்கில D எழுத்து வடிவ வளையம்) நுழைத்து, திருப்பி, அதன் மேலேயே ஒட்டுகிறோம். எனக்கு இதுதான் பிடிக்கும், காரணம் இருக்கிறது. வளையம் ஒரு கப்பியாக வேலை செய்கிறது. பாரம் வளையத்தின் இரண்டு பக்கத்துப் பட்டைக்கும் பிரிந்து போவதால் ஒட்டிய இடத்துக்கு ஏறக்குறையப் பாதிதான் வந்து சேர்கிறது. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர் நல்ல கையால் முனையைப் பிடித்துத் தன்னை விட்டு வெளிப்பக்கமாக இழுத்து, அந்த வாக்கிலேயே படியவிட்டு அமுக்கினால் முடிந்தது. முனை வளையத்தை விட்டு உருவிக்கொள்ளாதபடி நுனியில் ஒரு தடிப்பு வைத்துத் தைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் வளையத்துக்குள் நுழைக்க இன்னொருவரைக் கூப்பிட வேண்டி வரும். எத்தனையோ நல்ல ஸ்பிளின்ட்கள் அலமாரியில் கிடப்பதற்கு இந்தச் சின்ன விஷயம்தான் காரணம்.

ஆனால் உணர்விழந்த பாதத்துக்கு வரும்போது இதே வசதி ஆபத்தாக மாறுகிறது. குறைந்த விசையில் நிறைய இறுக்கலாம், இறுகியது அவருக்குத் தெரியாது. சாயங்காலம் கால் வீங்கும்போது பட்டை அறுக்கும். வலிக்காததால் அவர் கழற்றமாட்டார், காலையில் புண் இருக்கும். வளையமும் எலும்புக்கு மேல் உட்கார்ந்தால் அதுவே ஓர் அழுத்தப் புள்ளி. அதனால் நீரிழிவுப் பாதத்துக்கு நான் அகலமான பட்டையை நேரே ஒட்டும் வகையில் வைக்கவே சொல்வேன். சரியான இறுக்கம் எது என்று பரிசோதித்த இடத்தில் கீழ்ப்பட்டையின் மேல் வேறு நிற நூலால் ஒரு கோடு தைத்துவிடுங்கள். மேல்பட்டையின் ஓரம் அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. கண் மங்கியவருக்கு நூல் தடிப்பாக இருந்தால் விரலுக்குத் தட்டுப்படும்.

எந்த வகையானாலும் முனையை வட்டமாக வெட்டுங்கள். கூர் மூலை இருந்தால் புடவையோ போர்வையோ சிக்கி அங்கேயிருந்து உரிப்பு தொடங்கும். கடைசி 2 சென்டிமீட்டரில் கொக்கி இல்லாமல் வெறும் பட்டையாக விட்டால் பிடித்துத் திறக்க இடம் கிடைக்கும். விரல் மடங்கிப்போனவருக்கு அது போதாது. நுனியை மடித்து ஒரு பெரிய காதாகத் தைத்துக் கொடுத்தால் விரலையோ கட்டை விரலின் அடியையோ மாட்டி இழுத்துக்கொள்வார்.

வெல்க்ரோ வேண்டுமா என்பதே கேள்வியாக இருக்கலாம்

உணர்விழந்த பாதத்துக்கான செருப்பு பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தொழுநோய் சிகிச்சையிலிருந்து வந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர் பால் பிராண்டும் அவரோடு இருந்தவர்களும் செய்த வேலை அதில் முக்கியமானது. எம்.சி.ஆர். எனப்படும் மெத்தென்ற நுண்ணறை ரப்பரை உள்ளே வைத்து, ஆணி அடிக்காமல் தைத்தும் ஒட்டியும் செய்யும் செருப்பு அந்த வழியில் வந்ததுதான். இன்று நீரிழிவுப் பாதங்களுக்கும் அதையே எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் வெல்க்ரோவுக்குப் போட்டியாக நிற்பது பக்கிள்.

பக்கிள் தேய்வதில்லை, சேறு பட்டாலும் கழுவினால் பழையபடி வேலை செய்யும். ஆனால் ஓட்டைக்கு ஓட்டை தாவித்தான் இறுக்க முடியும். கட்டுப் போட்ட பாதத்துக்கும் போடாத பாதத்துக்கும் நடுவில் உள்ள சின்ன வித்தியாசத்தை அதால் ஈடுகட்ட முடியாது. ஊசியை ஓட்டையில் நுழைக்க இரண்டு விரல் நுனிகள் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். உணர்வு போனவருக்கு அந்த ஊசியே காயம் செய்யலாம். லேஸ் அழுத்தத்தை எல்லாவற்றையும்விடச் சீராகப் பரப்பும். குனிந்து முடிச்சுப் போட முடிகிறவருக்கு அதற்கு ஈடு இல்லை, முடியாதவருக்கு அது இல்லாத மாதிரிதான். டிச் பட்டன் ஒரே அளவில் நிற்கும், வீங்கும் காலுக்கு உதவாது. எலாஸ்டிக் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கும் என்பதால் உணர்விழந்த காலுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். காந்தப் பூட்டு கைக்குச் சுலபம், ஆனால் தட்டையான காந்தம் பக்கவாட்டு இழுப்பில் நழுவிவிடும். மார்பில் பேஸ்மேக்கர் வைத்தவர் அருகே வைத்துக்கொள்ளவும் கூடாது.

வயலில் இறங்கி வேலை செய்கிறவருக்கு என் பதில் தெளிவு: குதிகாலைச் சுற்றும் பின்பட்டைக்குப் பக்கிள், அதன் அடியில் அகலமான மெத்தைத் துண்டு. சேறும் மண்ணும் கொக்கிகளின் இடுக்கில் இறங்கினால் வெல்க்ரோ வெறும் துணிதான். அமெரிக்க ராணுவம் சீருடைப் பையில் வெல்க்ரோ வைத்துப் பார்த்து, ஆப்கானிஸ்தான் புழுதிக்குப் பிறகு கால்சட்டைப் பைகளுக்குப் பட்டனுக்குத் திரும்பியது. வீட்டிலும் அலுவலகத்திலும் நடமாடுகிறவருக்கு, கை பலவீனமானவருக்கு, வீக்கம் ஏறி இறங்குகிறவருக்கு வெல்க்ரோவை மிஞ்ச ஒன்றுமில்லை.

சரி, எந்தச் சுருள்?

ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்ட்ரால் 1941-இல் மலையில் நடந்துவிட்டு வந்தபோது தன் நாயின் ரோமத்திலும் துணியிலும் ஒட்டிய பர்டாக் என்ற செடியின் முள் காய்களை உருப்பெருக்கியில் பார்த்ததில் தொடங்கியது இந்தத் தொழில். யோசனை வந்தது ஒரு நாளில், பொருளாக்க வருடங்கள் ஆயின. 1955-இல்தான் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. சிரமம் முழுக்கக் கொக்கி செய்வதில் இருந்தது. தூண்டில் தங்கூசி ரகத்து ஒற்றையிழை நைலானைப் பாவோடு சேர்த்துக் கண்ணி கண்ணியாகத் தூக்கி நெய்ய வேண்டும். சூட்டில் அந்த வளைவை நிலைக்க வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணியின் ஒரு காலையும் உச்சிக்குச் சற்றுக் கீழே வெட்ட வேண்டும். வெட்டிய கண்ணி கொக்கியாகிறது. மறுபக்கத்துக்கு மெல்லிய பல இழை நூலில் கண்ணிகளை வெட்டாமல் விடுகிறார்கள். இரண்டுக்கும் பின்னால் ஒரு பூச்சு, கண்ணிகள் உருவி வராமல் பிடித்துக்கொள்ள. காப்புரிமை காலாவதியானதும் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றாகி, விலை இறங்கி, தரமும் பலவிதமானது. இன்று மலிவுச் சுருளில் முதலில் கோட்டை விடுவது அந்தப் பின்பூச்சில்தான். வாங்கும் முன் பின்புறத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பூச்சு பொடியாக உதிர்ந்தால் வேண்டாம்.

நெய்த நைலான்தான் எல்லா இடத்திலும் கிடைப்பது, என் வேலையில் பாதிக்கு மேல் அதுவே. கொக்கி வளைந்து கொடுத்து மீண்டும் நிமிரும் என்பதால் ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடலாம், மறுபக்கக் கண்ணியையும் அதிகம் அறுக்காது. அதன் எதிரி ஈரம். சாதாரணக் காற்றிலேயே நைலான் தன் எடையில் 4 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நனைந்தால் கொக்கி தொய்ந்து பிடி நன்றாகவே குறையும், காய்ந்ததும் திரும்பி வரும். வெயிலில் நாள்பட்டால் மஞ்சளித்து முறியத் தொடங்கும், இது திரும்பி வராது.

பாலியெஸ்டர் இழுத்துக்கொள்ளும் ஈரம் 0.4 விழுக்காடுதான். நனைந்தாலும் பிடி அவ்வளவாக மாறாது, வெயிலை நைலானைவிடத் தாங்கும், பூஞ்சைக்கும் எளிதில் இடங்கொடுக்காது. விலை கூடுதல், எல்லாக் கடையிலும் கிடைக்காது. வியர்வையில் ஊறும் ஸ்பிளின்ட், மழையில் நனையும் செருப்பு, நீச்சல் பயிற்சிக்கான பட்டை, சக்கர நாற்காலியில் வெயிலில் கிடக்கும் இடுப்புப் பட்டை என்றால் தேடிப்பிடித்தாவது பாலியெஸ்டர் வாங்குங்கள். சென்னைப் புழுக்கத்தில் நாள் முழுதும் கையில் கிடக்கிற ஸ்பிளின்டுக்கு நைலான் வைத்துவிட்டு, பிடிக்கவில்லை என்று நோயாளி சொன்னால் நாம் வியக்கக் கூடாது.

வார்த்த கொக்கி மூன்றாவது. நெய்வது இல்லை. உருகிய பிளாஸ்டிக்கை நுண்குழிகள் உள்ள உருளையில் அழுத்தி எடுக்கிறார்கள். குழந்தை டயப்பரின் காதில் இருப்பது இதுதான். கொக்கிகள் குட்டையானவை, தோலில் பட்டாலும் உறுத்தல் குறைவு, மிக மெல்லிசு, மிக மலிவு. கொக்கிகள் உருளை ஓடிய திசையிலேயே வரிசை கட்டி நிற்பதால் ஒரு திசையில் நன்றாகப் பிடித்து மறுதிசையில் வழுக்கலாம். வெட்டும்போது வாட்டம் பார்க்க வேண்டும். சில நாள் மட்டும் கட்டும் கட்டுப்பட்டைக்கு இது மிகப் பொருத்தம். வருடக்கணக்கில் உழைக்க வேண்டிய செருப்புக்கு வேண்டாம், மலிவு ரகங்கள் எதிர்ப்பக்கக் கண்ணிகளை அறுத்துப் பஞ்சாக்கிவிடுகின்றன.

நான்காவது, காளான் தலை வகை. 3எம் நிறுவனத்தின் டூயல் லாக் இதில் பெயர்பெற்றது. கொக்கி, கண்ணி என்ற பிரிவே இதில் இல்லை. இரண்டு முகத்திலும் காளான் தலை வைத்த குச்சிகள், ஒன்றின் தலைகள் மற்றதன் இடுக்கில் 'டக்' என்று புகுந்து பூட்டிக்கொள்ளும். சதுர அங்குலத்துக்கு 170, 250, 400 குச்சிகள் என்று மூன்று அடர்த்திகளில் வருகிறது. 250-ஐ 250-உடனும், 400-ஐ 170-உடனும் சேர்ப்பது வழக்கம். 400-ஐ 400-உடன் சேர்த்தால் மூடவும் கடினம், திறக்கவும் கடினம். சாதாரண வெல்க்ரோவைவிடப் பல மடங்கு பிடிக்கும். இந்த வலிமையைப் பார்த்து மயங்கிப் பட்டைக்கு வைக்க நினைப்பவர்களை நான் தடுப்பேன். பூட்டுவதற்கு ஓங்கி அமுக்க வேண்டும், பலவீனமான கையால் முடியாது. குச்சிகள் விறைப்பானவை, வளைந்த காலில் படியாது. வண்டிக்குள் பலகையைப் பொருத்த, சுவரில் சட்டம் மாட்ட அருமையான பொருள். பிரேஸில் அதற்கு ஓர் இடம் உண்டு: கழற்றி மாட்டும் கெட்டியான பட்டை உள்ள வெளிச்சட்டம், அதுவும் மருத்துவமனையில் வேறொருவர் பூட்டுவதாக இருந்தால்.

அடுப்படியில் வேலை செய்கிறவருக்கு ஒரு வார்த்தை. நைலான் தீயில் உருகிச் சொட்டும், சொட்டு தோலில் ஒட்டிக்கொள்ளும். 1967-இல் அப்பல்லோ 1 விண்கலத்தில் தூய ஆக்சிஜனில் தீப்பற்றி மூன்று வீரர்கள் இறந்தபோது, உள்ளே ஏராளமாக ஒட்டியிருந்த வெல்க்ரோவும் எரிபொருளாகியது. அதற்குப் பிறகு விண்கலங்களில் அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தினார்கள். உணர்விழந்த கையில் ஸ்பிளின்ட் போட்டவர் அடுப்புக்குப் போகும்முன் அதைக் கழற்றிவிட வேண்டும். வெல்க்ரோவை எந்த ரகத்துக்கு மாற்றினாலும் இது மாறாது.

கொக்கி எந்தப் பக்கம், தைப்பதா ஒட்டுவதா

தோலைப் பார்த்திருக்கும் முகத்தில் மெத்தென்ற பக்கம், வெளியே பார்க்கும் முகத்தில் சொரசொரப்பான பக்கம் என்பது பொது வழக்கம். பட்டை நழுவினாலும் தோலைக் கொக்கி உரசாது. ஆனால் வெளியே பார்க்கும் கொக்கி பட்டை திறந்திருக்கும்போது நூல்பிசிறு, முடி, பஞ்சு எல்லாவற்றையும் வாரிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது: கொக்கித் துண்டைச் சிறியதாகவும் கண்ணித் துண்டை நீளமாகவும் வையுங்கள். பட்டையை எவ்வளவு தளர்த்தினாலும் இறுக்கினாலும் ஒரு கொக்கிகூட வெளியே தெரியாத அளவுக்கு அந்த நீளம் இருக்க வேண்டும். உணர்விழந்த பாதத்தில் இதைக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்கிறேன். மற்ற கால் விரல்களைக் கொக்கி உரசிக்கொண்டே இருந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை.

பிளாஸ்டிக் ஸ்பிளின்டில் தைக்க முடியாது, பசையுள்ள சுருளைத்தான் ஒட்ட வேண்டும். கொக்கித் துண்டை ஸ்பிளின்டின் மேல் ஒட்டி, கண்ணிப் பட்டையைச் சுற்றிவருவது வழக்கம், அதில் நல்ல காரணமும் உண்டு. அழுக்காவதும் பிய்ந்துபோவதும் கண்ணிப் பக்கம்தான், அந்தப் பட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பசையில் இரண்டு உண்டு. ரப்பர் பசை வைத்த உடனே கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் சூட்டில் இளகி நகரும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மதியம் கிடந்தால் போதும். அக்ரிலிக் பசை முழுப் பிடிக்கு வர ஒரு நாள் எடுத்துக்கொள்ளும், பிறகு வெப்பத்தையும் வெயிலையும் தாங்கும். நம் தட்பவெப்பத்துக்கு அக்ரிலிக்தான். ஒட்டிய அன்றே நோயாளியிடம் கொடுத்தனுப்பாதீர்கள்.

துணியிலும் தோலிலும் பசை வேண்டாம், தையல்தான். நான்கு ஓரமும் தைத்து நடுவில் குறுக்காக ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். பசைச் சுருளைத் தைக்கப் போனால் ஊசியில் பசை ஏறித் தையல் விட்டு விட்டு விழும், தைக்கிறவர்கள் தைப்பதற்கென்று வரும் சுருளையே கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கியதைச் சோதிக்க இயந்திரம் தேவையில்லை. 5 சென்டிமீட்டர் ஒட்டிய துண்டின் கீழ்முனையில் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று தட்டையாகத் தொங்கும்படி விட்டுப் பாருங்கள். அதே பாட்டிலை ஓரத்தில் கட்டி உரிபடும்படியும் தொங்கவிடுங்கள். நனைத்து ஒரு முறை, புதிதாக ஒரு முறை, நிறையத் திறந்து மூடிய பிறகு ஒரு முறை. ஒரு பட்டை நோயாளிக்குப் போகும் முன்பே அதன் குணம் இதில் தெரிந்துவிடும்.

கண்ணித் துண்டு எப்படியும் கொக்கிக்கு முன்பே தளரும். அதனால் அதைப் பட்டையின் கட்டுமானத் தையலோடு சேர்த்துத் தைக்காமல், தனித் தையலாக, பட்டையின் நிறத்திலிருந்து வேறுபட்ட நூலில் தையுங்கள். ஊரில் உள்ள எந்தத் தையல்காரரும் அந்த நூலை மட்டும் பிரித்துப் புதுத் துண்டு வைத்துக் கொடுக்கலாம். நோயாளி திரும்ப நம்மிடம் வரப் பேருந்து ஏற வேண்டியதில்லை.